ஏழாம் பாரம்

ராமதாஸ் அதுவரை இரண்டு புத்தகங்கள் போட்டிருந்தார். இரண்டும் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

முதலாவது, ஷில்லாங் பக்கத்துக் கிடார் குழுக்களைப் பற்றியது. இரண்டாவது, பஞ்சாபில் கல்யாண வீடுகளில் பாடுகிறவர்களைப் பற்றியது. இந்தியாவில் இன்றைய தேதிக்கு எந்த ஊரில் யார் என்ன பாடுகிறார்கள் என்பதைத் தமிழில் எழுதிவைக்க நாதி இல்லை, ஆகவே நான் எழுதுகிறேன் என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சிக்கு அவர் ஒருவர்தான் உறுப்பினர். பிழைப்புக்குக் காளவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை. குடியிருப்பு திருப்பரங்குன்றத்தில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில். புத்தகங்களுக்காக அவர் ஷில்லாங்குக்கும் போனதில்லை, பஞ்சாபுக்கும் போனதில்லை. கடிதம் எழுதுவார், பதில் வரும், கேசட் வரும், கேட்டுக் கேட்டு எழுதுவார்.

"ஷில்லாங் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒருநாள் அவர் மனைவி நாகமணி கேட்டாள்.

"ஏன் தெரியாது? மேப்புல பாத்திருக்கேன்."

"மேப்புல பாட்டுக் கேக்குமா?"

வீட்டுக்குள் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். அதில் இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் காரமாக இருந்தது. மூன்று நாள் ராமதாஸ் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் வந்து, "சரி நாகு, நம்ம ஊரையே எழுதுறேன்" என்றார். அப்படிப் பிறந்ததுதான் மூன்றாவது புத்தகம். மதுரையைச் சுற்றி ஊர்ப்பொங்கலுக்கும் கல்யாண ரிசப்ஷனுக்கும் மேடையேறுகிற நாற்பத்திரண்டு இன்னிசைக் குழுக்களைப் பற்றிய புத்தகம். இதுவும் கட்டிலுக்கு அடியில் போனால் தன் சொந்தப் பதிப்பகத்தை மூடிவிட்டு ஜெராக்ஸ் மெஷினோடு மாரடிப்பது என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

இந்தப் புத்தகத்தில் நாகமணிக்குப் பாதிப் பங்கு. கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் அவள். எந்தக் குழுவில் யார் பாடுகிறார், யார் என்ன வாசிக்கிறார் என்ற விவரம் முழுக்க அவள் பொறுப்பு. அதற்கு அவள் பிடித்த வழி நோட்டீஸ். இந்தப் பக்கத்தில் எந்த ஊர்த் திருவிழாவானாலும் மஞ்சளிலோ ரோஸிலோ ஒரு நோட்டீஸ் உண்டு. அன்னதானம் யார், வாணவேடிக்கை யார், இன்னிசைக்குழுவில் யார் யார் என்று எல்லாம் அதில் வந்துவிடும். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியது, டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்தது என்று இரண்டு வருஷத்தில் முந்நூற்று நாற்பது நோட்டீஸ் சேர்த்தாள். நோட்டீஸில் பெயர் விட்டுப்போனால் ஊர்க்காரர்கள் அடிதடிக்கே போவார்கள், ஆகவே நோட்டீஸ் பொய் சொல்லாது என்பது அவள் கணக்கு. எழுத்தெண்ணி ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் அடைமழை. அச்சடித்த தாள் ஆட்டோவில் தார்ப்பாய் மூடி வந்து இறங்கியது. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகியிருக்கும். அதற்குப் பாரம் என்று பேர். மூன்று மடிப்பு மடித்தால் பக்கங்கள் வரிசைக்கு வந்துவிடும். புத்தகத்துக்குப் பன்னிரண்டு பாரம், அறுநூறு பிரதி. மடிப்புக் கூலி மிச்சம் என்று வீட்டிலேயே மடித்தார்கள். வெளியீட்டு விழா ஞாயிற்றுக்கிழமை, காளவாசலில் ஒரு சின்ன மண்டபத்தில். ஐப்பசியில் கச்சேரி குறைவு, எல்லாக் குழுக்காரர்களும் வர வசதிப்படும் என்று பார்த்து வைத்த தேதி.

திங்கள் சாயங்காலம் நாகமணி, மகள் இந்துப்ரியா, பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் மூவரும் ஏழாம் பாரத்தில் இருந்தார்கள். தாள் ஈரம் குடித்து நமுத்துப்போய், மடித்த இடம் படியாமல் எழும்பிக்கொண்டு நின்றது. மர ஸ்கேலால் அழுத்தி இழுக்க வேண்டியிருந்தது. தட்டில் முள்ளுமுருங்கை வடை ஆறிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கையோடு யாரும் தாளைத் தொடக்கூடாது என்று நாகமணி சட்டம் போட்டிருந்ததால், சின்னத்தாய் வடையைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தாள்.

அப்போதுதான் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றது. இருபத்தாறு வயது இருக்கும்.

"ராமதாஸ் சார் வீடு இதானக்கா? செக்கானூரணி முத்திருளன் மக, சுபலட்சுமி. இங்கன மண்டபத்துல ரிசப்ஷனுக்கு வந்தோம். அழைப்பு வாங்கிட்டு வரச் சொன்னாரு அப்பா."

"உள்ள வாம்மா, நனையாத. உங்கப்பாகிட்ட போன்ல எம்புட்டுப் பேசியிருக்கேன் தெரியுமா! மொகம்தான் பாத்ததில்ல."

அழைப்பிதழ் கடையில் இருந்தது. ராமதாஸ் கொண்டுவர அரைமணி ஆகும். சும்மா உட்காரக் கூச்சப்பட்டு, சுபலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை இழுத்தாள். இரண்டு தரம் பார்த்தாள், மூன்றாவது தானே மடித்தாள். விரல் அப்படி ஓடியது.

"ஏத்தா, நீ எங்கேயும் பைண்டிங்ல வேல பாத்தியா?" என்றாள் சின்னத்தாய்.

"இல்லக்கா" என்று சிரித்தாள்.

நாலைந்து தாள் ஓடியது. பிறகு அவள் கை நின்றுவிட்டது. மடித்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுல எங்கண்ணனப் பத்திப் போட்டிருக்கீக."

நாகமணி எட்டிப் பார்த்தாள். முத்திருளன் இன்னிசைக் குழு. போன வருஷம் பங்குனியில் கருமாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பாடகருக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டபோது கீபோர்டு மலைச்சாமி பாட்டு மொத்தத்தையும் தன் வாசிப்பிலேயே கொண்டுபோனார், கூட்டம் எழுந்து நின்று பாடியது என்ற பத்தி. நாகமணிக்கு மிகவும் பிடித்த பத்தி அது.

"மலைச்சாமி உங்கண்ணனா? அடடே! ஞாயித்துக்கெழம கட்டாயம் கூட்டியாரணும். அவர மேடையில நிக்க வச்சு நாலு வார்த்த..."

"அண்ணன் செத்து அஞ்சு வருசம் ஆச்சுக்கா. மஞ்சக்காமால."

நாகமணி கையிலிருந்த ஸ்கேலைக் கீழே வைத்தாள்.

"அஞ்சு வருசமா? அப்ப போன வருசம் பங்குனியில வாசிச்சது?"

சுபலட்சுமி தாளின் ஓரத்தை விரலால் நீவினாள். சின்னத்தாய்தான் அந்த விரல்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஏத்தா, நீயா?"

"ஆமா."

விஷயம் இதுதான். இந்தத் தொழிலில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு, வாசிக்கிற கருவிதான் பெயர். 'பேடு சாப்பிட்டாச்சா, கீபோர்டு வந்துருச்சா' என்றுதான் பேச்சு. முத்திருளனும் போனில் 'எங்க கீபோர்டு சமாளிச்சிருச்சும்மா' என்றுதான் சொன்னார். கீபோர்டு யார் என்று நாகமணி நோட்டீஸைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். ஊர்க் கமிட்டிக்காரர்கள் ஒரு பெயரை நம்பித்தான் தேதி கொடுப்பார்கள். அந்த ஆள் குழுவை விட்டுப் போனாலும், உலகத்தை விட்டே போனாலும், நோட்டீஸில் பெயர் அப்படியே இருக்கும். மேடையில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பதை ஊரே பார்க்கும், ஒருவரும் கேட்க மாட்டார்கள். தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி. காகிதத்தை மட்டும் நம்பிய நாகமணிக்குத்தான் தெரியாது.

"அண்ணன் பேர எடுத்துறாதீகக்கா" என்றாள் சுபலட்சுமி. "அப்பா தாங்க மாட்டாரு."

அழைப்பிதழ் வந்தது, வாங்கிக்கொண்டாள். செருப்பை மாட்டும்போது, யாரிடமோ சொல்வதுபோல, "கருமாத்தூர்ல வாசிச்சது மட்டும் நானு" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

அன்றைக்கு அப்புறம் நாகமணி ஒரு தாள்கூட மடிக்கவில்லை.

"ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடிச்சு உள்ள வச்சிரலாம்" என்றார் ராமதாஸ்.

"சீட்டு பஸ்ஸுலயே விழுந்துரும். புத்தகத்துல அந்தப் பொண்ணு வாசிச்சத செத்தவன் வாசிச்சதா நிக்கும். உங்க ஷில்லாங்கா இது, யாரும் வந்து பாக்கமாட்டாங்கன்னு விட?"

"எதுக்கெடுத்தாலும் ஷில்லாங்க இழுக்காத."

"தப்பு என்னோடது. முந்நூத்தி நாப்பது நோட்டீஸ் பாத்தேனே, ஒரே ஒரு கச்சேரிக்குப் போய் மேடையப் பாத்தேனா?" நாகமணிக்கு அழுகை வந்துவிட்டது. "ஏழாம் பாரத்தத் திருப்பி அடிக்கணும். நான் போய் அவங்கப்பாவப் பாக்குறேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் காளவாசல் போய்த் தேனி ரோட்டு பஸ்ஸைப் பிடித்தாள். நாகமலை தாண்டியதும் மழை வெறித்து, இரண்டு பக்கமும் கடலைக் காடு தண்ணீரில் நின்றது. செக்கானூரணியில் இறங்கி முத்திருளன் வீட்டைக் கேட்டதும் பெட்டிக்கடைக்காரர் வழி காட்டினார். வாசலில் குழுவின் வேன், அதன் நிழலில் ஒரு ஆடு. ஒரு பக்கத் தாழ்வாரத்தில் ஸ்பீக்கர் பெட்டிகள், மறுபக்கம் பறித்த கடலைச் செடிகள். முத்திருளனும் அவர் மனைவி சீனியம்மாளும் செடியிலிருந்து கடலையை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சுபலட்சுமி இல்லை. ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாரம் மூன்று நாள் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கப் போய்விடுவாளாம்.

"வா தாயி. மழையில இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்த? போனப் போட்டா நான் வந்திருப்பேன்ல?" என்றார் முத்திருளன். நல்ல உயரம், கட்டை மீசை. சீனியம்மாள் அவித்த கடலையும் கருப்பட்டிக் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள்.

நாகமணிக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நடந்ததைச் சொன்னாள். முத்திருளன் கேட்டுக்கொண்டே கடலை ஆய்ந்தார்.

"அதுல என்ன தப்பு? நோட்டீசுல இருக்கிறதத்தான போட்ருக்க."

"நோட்டீஸ் ஒரு நாளைக்குண்ணே. புத்தகம் அப்பிடி இல்ல. நாளைக்கு யாராச்சும் எடுத்துப் பாத்தா, அந்தப் புள்ள இருந்ததுக்கே அடையாளம் இருக்காது."

"தாயி, உனக்குத் தொழில் தெரியாது. மலைச்சாமி பேருக்குத்தான் கூப்புடுறாய்ங்க. அவன் வாசிப்பக் கேட்டவய்ங்க ஊருக்கு ஊரு இருக்காய்ங்க. பேர எடுத்தா, தையில வார பொங்கலுக்கு ஒருத்தன் தேதி குடுக்க மாட்டான். பதினோரு குடும்பம் கஞ்சி குடிக்குது இதுல."

"கேட்டவங்களுக்கெல்லாம் தெரியுமேண்ணே, இப்ப வாசிக்கிறது யாருன்னு. கண்ணால பாக்குறாங்கல்ல?"

"பாக்குறது வேற, அச்சுல போடுறது வேற."

"அப்பிடின்னா சுபலட்சுமி?"

"அவளுக்கென்ன, வீட்டுப் புள்ள. நாளைக்குக் கட்டிக்குடுத்தா அவ பாட்டுக்குப் போயிருவா."

"ஏன்யா, மூணு வருசமா வந்த மாப்ளயவெல்லாம், குழுவுல வாசிக்க விடுவீகளான்னு கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்புறா. அவளா போறவ?" என்றாள் சீனியம்மாள்.

"நீ சும்மா இரு."

முத்திருளன் அடுத்த செடியை இழுத்து வைத்துக்கொண்டு, நாகமணியைப் பார்க்காமல் பேசினார்.

"உள்ளதச் சொல்றேன் தாயி. நான் ரெண்டு தடவ அச்சாபீசுக்குப் போனேன், பேர மாத்தணும்னு. எழுதிக் குடுக்க கை வரல. அடிச்சு எடுத்துட்டா அம்புட்டுத்தான. ரேசன் கார்டுல எடுத்தாச்சு, ஓட்டு லிஸ்டுல எடுத்தாச்சு. இந்த நோட்டீசுல மட்டுந்தான் எம்மகன் இருக்கான்."

அந்த மனிதரோடு சண்டை போட அவளால் முடியவில்லை. ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டே அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனதையும் மறக்க முடியவில்லை.

"உங்க மனசு புரியுதுண்ணே. ஆனா தெரிஞ்சப்புறம் அந்தப் பக்கத்த என் கையால மடிக்க முடியாது."

"அப்ப எங்க குழுவையே எடுத்துரு. நாப்பத்தி ஒண்ணுன்னு போட்டுக்க. நானும் கேக்கல, எம்மகளும் கேக்கல."

நாகமணி எழுந்தாள். பஸ் ஏறும்வரை சீனியம்மாள் கூடவே வந்தாள். ஒரு பையில் பச்சைக் கடலையைப் போட்டுக் கையில் திணித்தாள். "அந்தப் புள்ள கேக்குமா தாயி? அவ எதைத்தான் வாய் தொறந்து கேட்டா?" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை வீடு வெறிச்சோடிக் கிடந்தது. ஏழைத் தவிர மற்ற பாரமெல்லாம் மடித்து, கயிறு போட்டுக் கட்டி, மேலே அம்மிக்கல்லை ஏற்றியாயிற்று. ஏழாம் பாரம் மடித்ததும் மடிக்காததுமாக மூலையில் கிடந்தது. ராமதாஸ் மூன்று யோசனை வைத்திருந்தார். ஒன்று, உள்ளபடி விட்டுவிடுவது. இரண்டு, முத்திருளன் சொன்னபடி குழுவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு படத்தைப் போடுவது. மூன்று, அவரைக் கேட்காமலே சுபலட்சுமி பெயரைப் போட்டுவிடுவது.

"மூணாவது சரிதானம்மா? உண்மைதான அது?" என்றாள் இந்துப்ரியா.

"உண்மைதான். ஆனா அவங்க வீட்டுச் சாவ நாம அறிவிக்கிற மாதிரி ஆயிரும். வீட்டாளுக சொல்லாம நாம சொல்லக்கூடாது."

"அப்ப ரெண்டாவதா?"

"அந்தப் புள்ளைய ரெண்டாவது தடவ அழிக்கச் சொல்றியா?"

"வேணாம், நாகு" என்றார் ராமதாஸ். வழக்கமாக இந்த நேரத்துக்கு அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "இருபது வருசமா எவனோ எங்கேயோ பாடுறான்னு எழுதிட்டு இருந்தேன். ஒரு பேரு விட்டுப்போச்சுன்னு யாரும் என் வீட்டு வாசல்ல வந்து நின்னதில்ல. இப்பதான் நான் நெசமாவே புத்தகம் போடுறேன்னு தோணுது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்போம். அப்பறம் விழாவத் தள்ளி வைப்போம்."

நாகமணி அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கடலையை அவித்து, மூவருமாக உட்கார்ந்து தின்றார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு முத்திருளன் வந்தார். குடை இல்லை. தலையில் துண்டு, வேட்டியெல்லாம் சேறு. சட்டைக்குள், பனியனோடு ஒட்டினாற்போல் எதையோ பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பையைப் பிரித்து ஒரு கட்டு நோட்டீஸை எடுத்து நீட்டினார். மஞ்சள் தாள், மை இன்னும் முழுசாகக் காயவில்லை.

"நோட்டீசுல இருந்தாத்தான புத்தகத்துல போடுவ? இந்தா."

கார்த்திகையில் விக்கிரமங்கலத்துப் பக்கம் ஒரு கோயில் விழாவுக்கான நோட்டீஸ். நாகமணி வழக்கம்போல் ஆள்காட்டி விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்துக்கொண்டு வந்தாள். அன்னதானம், வாணவேடிக்கை எல்லாம் தாண்டிக் கீழே வந்ததும் விரல் நின்றது. 'முத்திருளன் இன்னிசைக் குழு' என்று இருக்க வேண்டிய இடத்தில், கொட்டை எழுத்தில் 'மலைச்சாமி இன்னிசைக் குழு' என்று இருந்தது. அதற்குக் கீழே பாடகர்கள். அதற்குக் கீழே, கீபோர்டு: மு. சுபலட்சுமி. முத்திருளன் பெயர், நிர்வாகம் என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் கிடந்தது.

"எம்பேரு மேல இருந்து என்ன ஆகப்போகுது?" என்றார் முத்திருளன். "அவன் மேல இருக்கட்டும். எந்தக் கமிட்டியும் கொற சொல்ல முடியாது. அவ, அவ எடத்துல இருக்கட்டும். நீ வந்துட்டுப் போனதுல இருந்து அவ ஆத்தா என்கிட்டப் பேசல தாயி. அது பரவால்ல. நேத்துச் சாயங்காலம் இவ வாசிச்சுப் பழகிட்டு இருந்தா. மாட்டக் கட்டிட்டு வந்தவன், வாசல்ல நின்னு கேட்டேன். அஞ்சு வருசமா அவன் வாசிக்கிறதாவே நெனச்சுக் கேட்டிருக்கேன். நேத்துத்தான் இவ வாசிக்கிறதக் கேட்டேன். அவனவிட நல்லா வாசிக்கிறா."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணீர் என்று நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

ராமதாஸ் நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். பிறகு விரலை மடக்கி எண்ணினார். "குழுப் பேரே மாறிருச்சுன்னா பொருளடக்கத்துலயும் மாறணும், கடைசிப் பட்டியல்லயும் மாறணும். மூணு பாரமாச்சே நாகு!"

"மூணுதான? அடிப்போம்."

"ஞாயித்துக்கெழம?"

"விழாவுக்கு நூறு பிரதி கட்டினாப் போதும். மத்தத அப்பறம் பாத்துக்கலாம். இந்து, கடையத் தொற, கம்ப்யூட்டரப் போடு. சின்னத்தாய்க்கா! மறுபடியும் மடிக்கணும், வாங்க!"

ராமதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினார். முத்திருளன் காப்பியை நின்றபடியே குடித்தார். கிளம்பும்போது நோட்டீஸ் கட்டிலிருந்து ஒன்றை உருவி நாகமணியிடம் நீட்டினார்.

"தாயி, இது இன்னும் அவளுக்குத் தெரியாது. அச்சாபீசுல இருந்து நேரா இங்கதான் வாரேன். ஞாயித்துக்கெழம வருவால்ல, நீயே அவ கையில குடுத்துரு. நான் குடுத்தா நானும் அழுதுருவேன், அவளும் அழுதுருவா."

நாகமணி வாங்கவில்லை.

"அழுதா என்னண்ணே? அஞ்சு வருசமாச்சு. ரெண்டு பேரும் உக்காந்து அழுங்க. நீங்களே குடுங்க."

முத்திருளன் நோட்டீஸை நாலாக மடித்து, நனையாமல் பாலிதீன் பைக்குள் வைத்து, சட்டைக்குள் செருகிக்கொண்டார். "அந்தப் பள்ளிக்கூடம் மூணு மணிக்கு விடும். இப்பப் புடிச்சாப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டு, காளவாசல் பஸ் வருகிற பக்கம் வேகமாக நடந்தார்.